தந்தி எண்டா எந்தத் தந்தி?

வணக்கம் சேர்,
கம்பஸ் ஆய்வுக்காக 1930கள்ள வந்த பழைய பேப்பருகள வாசிச்சிட்டு இருக்கன். செய்திகள்ள 'தந்தி' எண்ட சொல் அடிக்கடி வருது. முதல்ல தினத்தந்தியில இருந்து எடுத்துப் போட்டதாக்கும் எண்டு நினைச்சன், மறுகா பாத்தா ஒரு இடத்தில தந்தி அறுந்துதாம், இன்னொரு கூட்டத்தில தந்தி வாசிச்சாங்களாம். அடிக்குறிப்பில என்ன பொருள் போடட்டும்?
– ஒரு மாணவி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகளுக்கு,

முதல்ல தினத்தந்திய விட்டுருங்க, அது 1942இல மதுரையில தொடங்கின பேப்பர், நீங்க வாசிக்கிறது அதுக்கு முந்தின காலம். வீரகேசரி 1930, தினகரன் 1932, ரெண்டுமே அதுக்கு மூத்தது.

தந்தி எண்டா முதல்ல வாத்தியத்துட கம்பி. (நம்ம காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் தேடித்தேடி ஆராய்ஞ்ச யாழுக்கு சங்க இலக்கியத்தில 'நரம்பு' எண்டுதான் வரும், தந்தி வடமொழி வழியா வந்தது.) இலங்கையில 1858இல காலிக்கும் கொழும்புக்கும் இடையில டெலிகிராப் கம்பி இழுத்த பிறகு அந்தக் கம்பிக்கும் தந்தி, அதில வாற சேதிக்கும் தந்தி, அத வாங்கப் போற கந்தோருக்கும் தந்திக் கந்தோர் எண்டு ஆகிட்டு. அதனால 'புயலில் தந்தி அறுந்தது' எண்டா கம்பி, 'கூட்டத்தில் தந்தி வாசிக்கப்பட்டது' எண்டா வர ஏலாத பெரியவங்க அனுப்பின வாழ்த்து, 'கவர்னருக்குத் தந்தி' எண்டா அது முறைப்பாடு, சிலநேரம் ஊரே சேந்து செய்த எதிர்ப்பு. 'தந்தி கிடைத்து ஊர் திரும்பினார்' எண்டு ஒராள் பத்தி வந்தா பெரும்பாலும் வீட்டில சாவு இல்லாட்டி கடும் வருத்தம், அந்தக் காலத்தில தந்திக்காரன் படலையில வந்து நிண்டாலே பிரிச்சுப் பாக்க முந்தியே அழத் தொடங்கிருவாங்க.

உங்கட ஆய்வுக்கு முக்கியமானது 'இது தந்தியில வந்த செய்தி' எண்டு செய்தி வந்த வழியச் சொல்ற தந்திதான், இதில கவனமா இருங்க மகள். அப்ப தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு எண்டு காசு, பத்திரிகைத் தந்திக்குச் சலுகை இருந்தாலும் நிருபர் சொல்ல எண்ணி எண்ணித்தான் அனுப்பணும், அதோட புள்ளியும் கோடுமா தந்தி அடிக்கிற மோர்ஸ் குறி எங்கட எழுத்துக்குச் செய்தது இல்ல, அதனால பெரும்பாலும் இங்கிலீசிலதான் போகும். உதாரணத்துக்கு நானே ஒண்டு எழுதிக் காட்டுறன்: 'பிஷர்மன் ட்ரௌண்ட் கல்லடி'. மூணே சொல்லு: மீனவர், தண்ணியில மூழ்கிச் செத்தார், கல்லடி (மட்டக்களப்பில ஒரு ஊர்). கல்லடி ஆள் வேற எங்கயோ தாண்டாரா, இல்லாட்டி வேற ஊராள் கல்லடியில வந்து தாண்டாரா? மட்டக்களப்பயே பாத்திராத உதவி ஆசிரியர் ஒருத்தர் கொழும்பில இருந்து அத 'கல்லடியைச் சேர்ந்த மீனவர் ஒருவர் துர்மரணமடைந்தார்' எண்டு நீட்டி எழுதிருவார், நாங்க தொண்ணூறு வருசம் கழிச்சு அத நிருபர் கண்ணால கண்டு எழுதின வசனமா எடுத்துக் கதைக்கிறம். தந்தி எண்டு போட்ட செய்தியில ஊர், பேர், எண்ணிக்கைய ஒரு அளவுக்கு நம்பலாம், அடைமொழியையும் உணர்ச்சியையும் நம்பேலாது, அது மேசையில சேந்தது. தபாலில வந்த செய்தி அப்பிடி இல்ல, பிந்தி வரும், ஆனா நிருபர்ட கை அதில கூடத் தெரியும். இந்த வித்தியாசம் தெரியாம எங்கட ஊர்ச் சரித்திரம் எழுதினா கொழும்பு மேசையில எழுதின கற்பனையையும் சேத்துத்தான் எழுதுவம், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அதனால ஒரே அடிக்குறிப்பு போட வேணாம். ஒவ்வொரு தந்திக்கும் பக்கத்தில நிக்கிற வினைச்சொல்லப் பாருங்க, அறுந்ததா, அடிச்சதா, வாசிச்சதா, கிடைச்சதா, அதுவே பொருளக் காட்டித் தரும். அனுதாபத் தந்தி அனுப்பினவங்கட பேர்ப்பட்டியல் வந்தா சின்ன விசயம் எண்டு தள்ளிராதீங்க, எந்த ஊர் ஆளுக்கு எங்க எங்க எல்லாம் தொடர்பு இருந்தது எண்டு அதில தெரியும். பிடிபடாத இடம் இருந்தா அந்தப் பக்கத்தப் படம் எடுத்து அனுப்புங்க, சேந்து பாப்பம்.