போன் இல்லாமல் ஒருநாள்கூட ஓடுவதில்லை. அது தொலைந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. இந்தச் சார்பைக் குறைக்க வழி உண்டா?

பணம், மெயில், வாட்ஸ்அப், ரயில் டிக்கெட் எல்லாம் ஒரே ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஏடிஎம் கார்டும் அநேகமாகப் போன் கவருக்குப் பின்னால்தான் செருகியிருக்கும். முதல் வேலையாக அதை உருவி வேறு இடத்தில் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'ஸ்கிரீன் டைமைக் குறையுங்கள்', 'ஞாயிற்றுக்கிழமை போனைத் தொடாதீர்கள்' என்றெல்லாம் இங்கே பதில் வரும். நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் அரை மணி நேரம் மட்டும் போன் பார்ப்பவரும் அதைத் தொலைத்தால் பஸ்ஸுக்குக் காசில்லாமல்தான் நிற்பார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாம் ஒரே கொத்தில் தொங்குவதுதான் இங்கே ஆபத்து. எத்தனை மணி நேரம் பார்க்கிறோம் என்பது வேறு பேச்சு.

பலருக்குத் தெரியாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். போன் போனால் டூப்ளிகேட் சிம் வாங்கிப் போட்டால் அன்று மாலையே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த விதி இது. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி இல்லை. யூபிஐ ஆப்பைப் புதுப் போனில் பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். அதுவும் போகாது. பதிவு முடிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஆக, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் இரண்டு நாளைக்கு நோட்டும் கார்டும்தான் துணை. வீட்டில் 2,000 ரூபாயாவது நூறும் இருநூறுமாக இருக்கட்டும். ஐந்நூறாக வைத்தால் ஆட்டோக்காரரிடம் சில்லறைக்கு அல்லாட வேண்டும்.

இப்போது அந்த ஏடிஎம் கார்டு. புதுப் போனில் யூபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி தேதியும் கேட்கும். ஆதார் ஓடிபி வழியும் உண்டு; ஆனால் அந்த ஓடிபியும் சிம்முக்குத்தான் வர வேண்டும். கார்டு போனோடு போனால் பணம் எடுக்கவும் வழியில்லை, பின் அமைப்பதும் சிரமம். போதாததற்கு, எடுத்தவன் கையில் உங்கள் சிம்மும் கார்டு எண்ணும் ஒருசேரக் கிடைத்துவிடும்.

அடுத்தது சிம் லாக், அதாவது சிம்முக்கே தனியாகப் போடும் பின். திரைக்குக் கைரேகை, பேட்டர்ன் எல்லாம் போட்டிருப்பீர்கள். திருடனுக்குத் திரை தேவையே இல்லை. சிம்மை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடி அதை ஆன் செய்யுங்கள். முதலில் பழைய பின் கேட்கும். அது பெரும்பாலும் 1234 அல்லது 0000. ஆனால் ஊகித்து அடிக்காமல் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே எண் கேட்கும். அதைப் பத்து முறை தவறாக அடித்தால் சிம் செத்துவிடும், புதிதுதான் வாங்க வேண்டும். பின்னை மாற்றியபின் போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்து பாருங்கள், பின் கேட்டால் சரி. கூடவே, பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரிவதையும் நிறுத்திவிடுங்கள். ஓடிபி வெளியே தெரிந்தால் பூட்டு எதற்கு?

இன்னொன்று, சிம் யார் பெயரில் இருக்கிறது? டூப்ளிகேட் வாங்க அந்த ஆள் அடையாள அட்டையோடு வர வேண்டும். அப்பா பெயரிலோ பழைய நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும் எண்ணில் வங்கிக் கணக்கை இணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். போன் கையில் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

சிம்முக்கு அடுத்தபடி முக்கியமானது மெயில். பாஸ்வேர்டு நினைவிருந்தாலும் வேறு கருவியில் நுழையும்போது 'உங்கள் போனில் வந்திருப்பதை அழுத்துங்கள்' என்று கூகுள் சொல்லும். அந்தப் போன்தான் இல்லையே! இதற்கு மருந்து பேக்கப் கோடுகள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குள் இருக்கும். எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைக்குத்தான். புதுப் பட்டியல் எடுத்தால் பழையது செல்லாது. தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் போட்டோஸில் வைக்காதீர்கள். அதைத் திறக்கவும் அதே கணக்குக்குள்தான் நுழைய வேண்டும். 'தாளில் எழுதுவது பாதுகாப்பா' என்று யாராவது கமெண்டில் வருவார்கள். பஸ்ஸில் போன் திருடுபவனும் பீரோ உடைப்பவனும் ஒரே ஆள் இல்லை ஐயா.

அதே தாளில் போனின் அடையாள எண்களான இரண்டு ஐஎம்இஐ எண்களையும் (*#06# அடித்தால் வரும்), வங்கியின் அவசர எண்ணையும், வீட்டார் இருவரின் எண்களையும் எழுதுங்கள். மனைவியின் எண்ணோ கணவரின் எண்ணோ இன்று எத்தனை பேருக்கு மனப்பாடம்?

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்கப் பின் உண்டு, போட்டுவிடுங்கள். மறந்தால், மீட்க மெயில் முகவரி கொடுக்காதவர்கள் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

தொலைந்தபின் செய்வதில் வரிசை முக்கியம். பதற்றத்தில் எல்லாரும் முதலில் சிம்மை முடக்குவார்கள். முடக்கினால் போனுக்கு இணையம் போய்விடும், பிறகு அதைத் தேடவும் பூட்டவும் முடியாது. ஆகவே முதலில் இன்னொருவர் போனிலிருந்து பூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் 'ரிமோட் லாக்' வசதியை முன்பே ஆன் செய்திருந்தால் போன் எண் மட்டும் போதும், பாஸ்வேர்டு வேண்டாம். அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிடாமல் சிம்மை முடக்குங்கள். பிறகு வங்கிக்குப் பேசி யூபிஐயை நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நீங்கள் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. அதனால் புகார் சொன்ன நேரத்தையும் குறித்து வையுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

போலீஸ் புகார் நகலும் புதுச் சிம்மும் கைக்கு வந்தபின் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ இரண்டையும் கொடுத்து முடக்கலாம். அங்கேயும் ஓடிபி உண்டு, அந்த 24 மணி நேரத்தை நினைவில் வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வங்கி வாசலைத் திறக்கும் நம் போன் எண்ணை நாம் கட்டிக் காக்கிறோம். ஜவுளிக்கடையில் ஒரு துண்டு வாங்கினால் 'நம்பர் சொல்லுங்க சார்' என்று, வரிசையில் நிற்கும் பத்து பேர் காதில் விழச் சொல்ல வைக்கிறார்கள். எண் கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் பில் போடாதாம்! வாடிக்கையாளரிடம் எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023-இல் நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்கு அறிவுறுத்தியது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையனைத் திட்டிப் பயனில்லை, 'தர விருப்பமில்லை' என்று நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் ஏதோ ஓர் எண்ணைத் தட்டி பில்லை நீட்டிவிடுவார்.

இதெல்லாம் அதிகப்படியான பயம் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை போனை அணைத்து வைத்துவிட்டு, வேறு யாருடைய கணினியிலாவது உங்கள் மெயிலுக்குள் நுழைந்து பாருங்கள். முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குப் பழைய போன் உதவும். அதை எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் ரூபாய்க்குத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் கூகுள் கணக்கை அதில் போட்டு, வீட்டு வைஃபையில் இணைத்து, வாட்ஸ்அப்பை இணைப்புக் கருவியாகச் சேர்த்து வையுங்கள். முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால்தான் இணைப்பு அறுந்துபோகும். அதுவரை பழைய போனிலிருந்து செய்தி அனுப்பலாம். பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து அணையுங்கள். முழுக்க வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். மாதம் ஒருமுறை ஆன் செய்து ஆப்களை அப்டேட் செய்யுங்கள், அப்போது வாட்ஸ்அப் இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜில் போடாமல் கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.