ஹவில்தாரின் 44 லட்சமும் மைத்துனரின் ஜாமீனும்

கேள்வி: தரைப்படையில் 26 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக 45 வயதில் ஓய்வுபெற்று, காங்கேயத்துக்கு அருகே சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். அடிப்படை ஓய்வூதியம் 24,000 ரூபாய். அதில் பாதியைக் கம்யூட்டேஷன் செய்து, அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொண்டேன். அதனுடன் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், சேமநிதி, குழுக் காப்பீடு எல்லாம் சேர்த்து 44 லட்சம் ரூபாய் கையில் உள்ளது. அப்பா கட்டிய வீடும் 3 ஏக்கர் மேட்டாங்காடும் உண்டு. மகன் கோவையில் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். மகள் பத்தாம் வகுப்பு. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்யும் என் மனைவியின் தம்பி, தையல் இயந்திரங்கள் வாங்க 25 லட்சம் வங்கிக் கடனுக்கு என்னை ஜாமீன் போடச் சொல்கிறார். "மாமா, உங்க பென்ஷனப் பாத்தாலே பேங்க்ல குடுத்துருவாங்க" என்கிறார். வங்கியிலோ, மாத வருமானம் தரும் காப்பீட்டு பாலிசி எடுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

ஜாமீன்தாரர் என்றால், கடன் வாங்கியவரிடம் வசூலிக்க முடியாதபோது கடைசியாகத் தேடி வரப்படுகிறவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாத வரையில், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. மைத்துனரை முழுவதும் துரத்திப் பார்த்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி உங்கள் ஓய்வூதியத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு மேட்டாங்காட்டுக்கும் வைப்புநிதிக்கும் கிடையாது. மேலும், அந்தக் கடன் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையிலும் பதிவாகும். நாளை மகளின் படிப்புக்காக நீங்கள் கடன் கேட்கப் போனால், அந்த 25 லட்சத்தையும் சேர்த்துத்தான் உங்களை எடைபோடுவார்கள்.

மைத்துனரின் தொழிலில் குறை காண்பது என் நோக்கமன்று. ஜாப் ஒர்க்கில் கூலிப் பாக்கி மாதக்கணக்கில் நிற்பதும், ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் இயந்திரம் சும்மா கிடப்பதும் திருப்பூரில் எல்லோரும் அறிந்ததே; அந்த இடர் அவருடையதாகவே இருக்கட்டும். சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்க மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உறவு கசக்கக் கூடாது என்று கருதினால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற மனத்துடன் 3 லட்சம் ரூபாயை வங்கி வழியாகவே கொடுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

வங்கியில் சொல்லும் காப்பீட்டு பாலிசியும் தேவையில்லை. மாத வருமானம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கம்யூட்டேஷன் போக 12,000 ரூபாய்தான் அடிப்படையாக வந்தாலும், அகவிலைப்படி முழு 24,000 ரூபாய்க்கும் கணக்கிடப்படும். விலைவாசியோடு அது உயரும். கம்யூட்டேஷன் செய்த பாதியும் 15 ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய உங்கள் 60வது வயதில், மீண்டும் சேர்ந்துவிடும். இப்படியொரு வருமானத்தை எந்தத் தனியார் பாலிசியும் தராது. ஆகவே கையிலுள்ள தொகையை மாதச் செலவுக்கு அல்ல, படிப்புக்கும் பிற்காலத்துக்கும் என்று ஒதுக்குங்கள்.

4 லட்சத்தை அவசரத் தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 லட்சத்தை, கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதங்களில் முதிர்வடையும்படி பல வைப்புநிதிகளாகப் பிரித்துப் போடுங்கள். 10 லட்சத்தை, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில், ஒரே நாளில் அல்லாமல் ஒன்றரை ஆண்டில் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். அதைப் பத்தாண்டுகளுக்குத் தொடக் கூடாது. மீதி 15 லட்சம் ஐந்தாண்டு வைப்பில் இருக்கட்டும். ஓய்வுபெற்ற படைவீரர்கள் 60 வரை காத்திராமல், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 50 வயதிலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். அப்போது அந்தத் தொகையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் 2 சதவீதம் தருவதாக யாராவது வாசலுக்கு வந்தால், 2012இல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களை ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மகனுக்கான பிரதமரின் கல்வி உதவித்தொகையை இப்போதே கவனியுங்கள். பிளஸ் டூவில் 60 சதவீத மதிப்பெண் பெற்று, தொழிற்கல்வியின் முதலாண்டில் இருக்கும்போதே, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டில் விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்கு மாதம் 2,500 ரூபாயும், பின்னாளில் மகளுக்கு 3,000 ரூபாயும் கிடைக்கும். உங்களுக்கே தொழில் செய்யும் எண்ணம் வந்தால், முன்னாள் படைவீரர்களுக்காக 2024 சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 30 சதவீத மூலதன மானியம் உண்டு.

உங்களுக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் ஏழு ஆண்டுகள், அல்லது உங்களுக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதத்தில் கிடைக்கும். அதன்பின் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், அதாவது உங்கள் கணக்கில் 14,400 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும்தான். அந்தக் குறைவை ஈடுகட்ட, 60 வயது வரை 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுத்தால் போதும்.

அந்தக் குடும்ப ஓய்வூதியம் தடையின்றி வர, ஓய்வூதிய ஆணையை இன்றே எடுத்து மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாக ஆதாருடன் ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெண்களின் பெயருக்கு முன்னால் உள்ள இனிஷியல், படைப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பது மிகச் சாதாரணம். பிறந்த தேதியும் சில சமயம் பொருந்தாது. நீங்கள் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடியும் திருத்தத்துக்கு, பின்னர் அவர் மாதக்கணக்கில் அலைய நேரிடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியுடன், உங்கள் படைப் பதிவேட்டை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்தி, படைவீரர் ஓய்வூதியத்துக்கான இணையதளமான ஸ்பர்ஷில் உள்ள உங்கள் கணக்கிலும் அது மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.