நடுவரிடமிருந்து வந்த கடிதத்தைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: மினி லாரி வாங்க ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கினேன். டியூ கட்ட முடியாமல் போனதும் வண்டியை எடுத்துப் போய் ஏலம் விட்டுவிட்டார்கள். இப்போது சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர், 'இன்னும் 3.80 லட்சம் பாக்கி இருக்கிறது. கடன் ஒப்பந்தப்படி கம்பெனி என்னை நடுவராக நியமித்துள்ளது, ஆஜராகவும்' என்று ஸ்பீட் போஸ்ட் அனுப்பியிருக்கிறார். 'இது கோர்ட் சம்மன் இல்லை, போகாதே. போனால் அவரை ஒத்துக்கொண்டதாகிவிடும்' என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அது வந்த உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்பது பின்னால் முக்கியமாகும்.

கோர்ட் சம்மன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தகராறை கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தீர்ப்பதற்கான 1996ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, நீங்கள் வராவிட்டாலும் இருக்கும் ஆதாரங்களை வைத்து நடுவர் விசாரணையை முடித்துத் தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பு, அதாவது அவார்டு, கோர்ட் டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) மாதிரியே நிறைவேற்றப்படும். அதற்குச் சென்னை கோர்ட்டைச் சுற்றிவர வேண்டும் என்றுகூட இல்லை. சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேயே நேரடியாக நிறைவேற்று மனு போடலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சும்மா இருந்தவர்களுக்கு விஷயம் தெரியவருவது பெரும்பாலும் வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீஸ் வந்து நிற்கும்போதுதான்.

ஆனால் கம்பெனியே நடுவரை நியமித்த விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே தனி நடுவரையும் (வழக்கை விசாரிக்கும் ஒரே நடுவரை) தேர்ந்தெடுப்பது நியாயமில்லை என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும், ஒருதலைப்பட்சமாகத் தனி நடுவரை நியமிக்க இடம் தரும் ஷரத்து, அந்த நடுவர் நடுநிலையானவர்தானா என்ற நியாயமான சந்தேகத்தைக் கிளப்புகிறது என்றது. கடன் வாங்கும் அவசரத்தில் நாற்பது இடத்தில் கையெழுத்துப் போட்டபோது அந்த ஷரத்தையும் ஒத்துக்கொண்டீர்களே என்று கம்பெனி கேட்கலாம். அது செல்லாது. சட்டத்தின் 12(5) பிரிவுப்படி, தகராறு வந்த பிறகு, 'இவரே நடுவராக இருக்கட்டும்' என்று நீங்கள் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் ஆட்சேபிக்கும் உரிமை போகும். விசாரணைக்குப் போய் நின்றதாலேயே சம்மதித்ததாக ஆகாது என்பதையும் 2019இல் வந்த இன்னொரு தீர்ப்பு தெளிவாக்கியிருக்கிறது. நண்பர்கள் சொன்னதில் இந்தப் பாதி தவறு.

ஆகவே, கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நடுவருக்கு ஒரு பதில் அனுப்பி, கம்பெனிக்கும் நகல் போடுங்கள். நீளமாக எழுத வேண்டாம்: 'என் சம்மதமின்றிக் கடன் கொடுத்த கம்பெனி மட்டுமே தங்களை நியமித்துள்ளது. 12(5) பிரிவின்படி தாங்கள் நடுவராகச் செயல்பட இயலாது. நான் எழுத்துமூலம் சம்மதம் எதுவும் தரவில்லை. தாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். இந்த ஆட்சேபணைக்கு உட்பட்டே இனி எந்த அமர்விலும் கலந்துகொள்வேன்.' இதோடு, இதே கம்பெனி கடந்த மூன்று வருடத்தில் அவரை எத்தனை வழக்கில் நடுவராகப் போட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். இரண்டோ அதற்கு மேலோ என்றால், அதுவே அவருடைய நடுநிலையைச் சந்தேகிக்கக் காரணம் என்று சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொல்கிறது. அவராக முன்வந்து தெரிவித்திருக்க வேண்டிய விஷயம் அது.

தபால் ரசீது, டெலிவரி ஆனதற்கான பிரிண்ட் இரண்டையும் எடுத்து வையுங்கள். இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு படிவம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மேலே சொன்ன பாதுகாப்பு மொத்தமும் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும்.

அவர் விலகாமல் விசாரணையைத் தொடர்ந்தால், அவரை நீக்கக் கேட்டு 14ஆம் பிரிவின்கீழ் கோர்ட்டை அணுகலாம். ஒப்பந்தத்தில் விசாரணை இடம் சென்னை என்றிருந்தால் சென்னையில்தான் போட வேண்டியிருக்கும். செலவுதான், மறுக்கவில்லை. ஒருவேளை அவார்டே வந்துவிட்டால், கையெழுத்திட்ட பிரதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு 34ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. மனுப் போட்டதாலேயே வசூல் நிற்காது, தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதெல்லாம் நடுவரைப் பற்றிய சண்டை. இவர் போனாலும் கடன் போகாது. கம்பெனி உயர் நீதிமன்றத்தில் 11ஆம் பிரிவின்கீழ் மனுப் போட்டு வேறு நடுவரைக் கொண்டுவரலாம். அதனால் அந்த 3.80 லட்சம் எப்படி வந்தது என்பதை இப்போதே தோண்டுங்கள். முழு கணக்கு விவரத்தை எழுதிக் கேளுங்கள். ஏலத்துக்கு முன் கடைசி வாய்ப்புக் கொடுத்து நோட்டீஸ் அனுப்பினார்களா? வண்டி எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது? அந்தத் தொகையை எந்த நாளில் வரவு வைத்தார்கள்? விற்பனைக்கு முன் கடனாளிக்குக் கடைசி வாய்ப்புத் தர ஒப்பந்தத்தில் வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தவணை தவறியதற்கு அபராத வட்டி போடுவதையும் ரிசர்வ் வங்கி 2024 முதல் நிறுத்திவிட்டது. அபராதக் கட்டணம் மட்டும் போடலாம், அதை அசலில் சேர்த்து அதன் மேல் வட்டி வாங்கக் கூடாது. என் அனுபவத்தில், கணக்கை வரி வரியாகக் கேட்கத் தொடங்கினால் பேரத்துக்கான தொகை இறங்கிவிடும்.

பேசி முடிக்க விருப்பம் இருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்கு கோர்ட்டுக்கு வரும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு அப்பீல் இல்லை. எத்தனை தவணை, கடைசித் தவணைக்குப் பிறகு பாக்கியில்லைச் சான்று எத்தனை நாளில் தருவார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே வரட்டும்.

அப்புறம், உங்கள் கடனுக்கு ஜாமீன் போட்டவர் யாராவது இருந்தால் இன்றைக்கே போன் செய்யுங்கள். அவருக்கும் இதே கடிதம் போயிருக்கும். உங்கள் பதில் அவரைக் காப்பாற்றாது, அவர் பெயரில் அவரும் தனியாக ஆட்சேபணை அனுப்ப வேண்டும்.