எழுவாய் தப்பு

கேள்வி: 1812-இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும்போது பெரெசினா ஆற்றில் நெப்போலியன் ஒரே இரவில் பாலம் போட்டுத் தப்பித்தாரே, அவரைப் போன்ற போர்ப் பொறியாளர் வேறு யாராவது உண்டா?

பதில்: 'போட்டு' என்ற வினைக்கு நீங்கள் வைத்திருக்கும் எழுவாய் தப்பு. பாலம் போட்டது எப்லே என்ற தளபதியும் அவருடைய பாலப் படையினர் சுமார் 400 பேரும். நெப்போலியன் சில நாள் முன்பு ஓர்ஷாவில் மிதவைப் பாலத்துக்கான படகுகளை எரிக்கச் சொன்னவர். எப்லே இரண்டு கொல்லுலை வண்டி, இரண்டு கரி வண்டி, ஆறு கருவி வண்டிகளை மட்டும் காப்பாற்றி வைத்தார். அந்தப் பத்து வண்டி இல்லையென்றால் பாலமே இல்லை.

படகு இல்லாததால் மரக்குதிரைதான் வழி: மேலே ஓர் உத்தரம், கீழே நான்கு கால். ஸ்டுடியன்கா கிராமத்து வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார்கள். ஒரு பாலத்துக்கு 23 குதிரை, இரண்டு பாலம். படகு தண்ணீர் மட்டத்தோடு தானே ஏறி இறங்கும். குதிரையோ ஆற்றுத் தரையில் நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்து ஆழம் பார்த்துக் கால் வெட்ட வேண்டும். நவம்பர் 26 காலையில் குதிரைகளை ஆற்றில் நிறுத்தத் தொடங்கி, பகல் 1 மணிக்குக் காலாட்படைப் பாலமும் மாலை 4 மணிக்குப் பீரங்கிப் பாலமும் திறந்தன. ஒரே இரவு என்பதும் சரியில்லை.

பாலம் திறந்த பிறகுதான் உண்மையான வேலை. பீரங்கிப் பாலத்துக்குப் பலகை போதவில்லை. மூன்று நான்கு அங்குல உருட்டுக் கட்டைகளைத் தளமாகப் பரப்பினார்கள். சக்கரம் ஒவ்வொரு கட்டையிலும் ஏறி விழ, அந்த அதிர்ச்சி நேராகக் காலுக்குப் போனது. அடியில் சேறு. நான்கு காலும் சமமாகப் புதைந்தால் தளம் தாழும், அவ்வளவுதான். ஒரு கால் மட்டும் கூடுதலாகப் புதைந்தால் உத்தரம் சாயும். பாரம் அந்தப் பக்கமே சேரும். அந்தக் கால் இன்னும் புதையும். அன்று இரவு 8 மணிக்கு மூன்று குதிரை சரிந்தது. நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு, ஆழமான நடு ஆற்றில், இன்னும் மூன்று. மறுநாள் மாலை 4 மணிக்கு மறுபடியும். ஒவ்வொரு தடவையும் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் மார்பளவு இறங்கிப் புதுக் குதிரையை நிறுத்தினார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர். எப்லேயும் டிசம்பர் முடிவில் இறந்தார்.

இந்த எழுவாய்ப் பிழையை ஆரம்பித்து வைத்தவர்களில் சீசர் முக்கியமானவர். கி.மு. 55-இல் ரைன் பாலத்தை விவரிக்கும்போது, மரங்களை இணைத்ததும் இறக்கியதும் அறைந்ததும் எல்லாம் அவர் ஒருவரே என்பது போல ஒருமையிலேயே எழுதுகிறார். விவரம் அற்புதம், அதை மறுக்க மாட்டேன்: ஒன்றரை அடி கனமுள்ள மரங்கள் இரண்டிரண்டாக, மேல்நீர்ப் பக்கத்து ஜோடி ஓட்டத்தின் போக்கில் சாய்வு, 40 அடி கீழே உள்ள ஜோடி ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வு, நடுவே இரண்டடி கன உத்தரம். தண்ணீர் தள்ளத் தள்ளக் கட்டு இறுகும். பத்தே நாளில் முடிந்தது. கணக்குப் போட்ட தச்சன் பெயர் மட்டும் ஒரு வரியிலும் இல்லை.

ஆற்றைக் கடப்பதற்குப் பதில் ஆற்றையே ஏவியவர்களும் உண்டு. முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் கடைசியில், பெல்ஜியத்துக்குள் முன்னேறிய ஜெர்மானியரைத் தடுக்கப் பெல்ஜியப் படையினர், ஈசர் ஆற்று முகத்திலுள்ள நியூபோர்ட்டில், கடல் ஏறும்போது மதகைத் திறந்து, வடியும்போது மூடினார்கள். இரு படைக்கும் நடுவே இருந்த ரயில் மேட்டுக்கு அடியிலிருந்த நீர்வழிகளை முன்கூட்டியே அடைத்துவிட்டதால் தண்ணீர் ஜெர்மானியர் பக்கமே தேங்கியது. இரண்டு மூன்று நாளில் அவர்கள் பின்வாங்கினார்கள். மதகு திறந்தவர் ஹென்ட்ரிக் ஹேரார்ட் என்ற படகோட்டி. 1950-இல் பெல்ஜியம் அடித்த 1000 பிராங்க் நோட்டில் ஒரு பக்கம் அரசர் முதலாம் ஆல்பர்ட், மறுபக்கம் இந்தப் படகோட்டி.