5.7 லிட்டர் வோர்டெக் டிரக் என்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே சீல் செய்து பொருத்த முடியுமா?

1998 மாடல் ஷெவ்ரோலே பிக்கப்பின் 5.7 லிட்டர் வோர்டெக் என்ஜினில் புதிய கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) வைத்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைப் பூட்டிய பிறகும் பின்பக்கம் எண்ணெய் கசிகிறது என்றும், மறுபடி கழற்றிச் சிலிக்கான் சீலன்ட்டைத் தாராளமாகப் போட்டால் நின்றுவிடுமா என்றும், இது வீட்டில் செய்யக்கூடிய வேலைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் தாராளமாகச் செய்யலாம். அமெரிக்காவில் நான் வசிக்கும் பகுதியில் இந்த என்ஜின் பூட்டிய பழைய வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. என் கராஜிலும் நண்பர்களின் வீட்டு வாசலிலும் இந்த வேலையைச் செய்த பழக்கத்தில் சொல்கிறேன். சீலன்ட்டைக் கூட்டுவதால் மட்டும் உங்கள் கசிவு நிற்காது. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத பரப்பில், ஈரம் மாறாத சீலன்ட்டின் மேல், மேனிஃபோல்டு நேராக இறங்கி, சமமாக இறுகினால் கசிவு நிற்கும்.

முதலில் எது எங்கே அடைக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வி8 என்ஜினில் மேனிஃபோல்டு இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளுக்கும் நடுவே ஒரு மூடியாக உட்காருகிறது. இடமும் வலமும் ஹெட்டுகளோடு சேரும் பரப்புகளில் உள்ள கேஸ்கெட்டுகள் காற்றையும் கூலன்ட்டையும் தடுக்கின்றன. முன்னும் பின்னும் பிளாக்கின் விளிம்புகள் இருக்கின்றன. அமெரிக்க மெக்கானிக்குகள் இவற்றைச் ‘சைனா வால்’ என்பார்கள். அங்கே கேஸ்கெட் கிடையாது, சிலிக்கான் மட்டுமே எண்ணெயைத் தடுக்கிறது. பிளாக், ஹெட், மேனிஃபோல்டு ஆகிய மூன்றும் சந்திக்கும் நான்கு மூலைகள்தான் மிகவும் பலவீனமானவை. பின்பக்க மூலையில் கசியும் எண்ணெய் கியர்பாக்ஸின் கூண்டின் மேல் வழிந்து கீழே சொட்டுவதால், கிராங்க்ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது என்று நினைத்துக் கியர்பாக்ஸையே இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே மறுபடி கழற்றுவதற்கு முன் என்ஜினின் பின்பக்கத்தை நன்றாகக் கழுவி, எண்ணெயில் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைக் கலந்து சிறிது தூரம் ஓட்டி, கசிவின் தொடக்கம் மேலேதான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கழற்றும் வேலையை ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறீர்கள் என்பதால் அதில் சில எச்சரிக்கைகள் மட்டும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே குழாய்களைத் தொட வேண்டும், ஏனெனில் இந்த அமைப்பில் சுமார் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) அழுத்தம் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து கூலன்ட்டை முன்கூட்டியே வடித்துவிட்டால், மேனிஃபோல்டைத் தூக்கும்போது அது வால்வுகளைத் தூக்கிவிடும் வால்வ் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில் அதிகமாகக் கொட்டாது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்குவதற்கு முன், அதற்குள் சுழலும் ரோட்டார் எங்கே நோக்குகிறது என்று ஒரு குறி இடுங்கள். அதன் கியரின் பற்கள் சாய்வானவை என்பதால் தூக்கும்போது ரோட்டார் சற்றுத் திரும்பும். திரும்பி நின்ற இடத்திலும் இன்னொரு குறி இடுங்கள். அதற்குப் பிறகு யாரும் என்ஜினைச் சுழற்றக் கூடாது.

இனி, இந்த வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் சுத்தம் செய்யும் பகுதி. லிஃப்டர் பள்ளத்திலும் ஹெட்டின் துளைகளிலும் சுத்தமான, நூல் உதிராத துணிகளை அடைத்துவிட்டு, பழைய கேஸ்கெட்டையும் சிலிக்கானையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். டிரில்லில் பொருத்திச் சுழற்றும் உராய்வு வட்டுகள் வேலையை நிமிடங்களில் முடித்துத் தரும் என்றாலும் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். அவை உதிர்க்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் எண்ணெயோடு சேர்ந்து பேரிங்குகளை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் பணிமனைகளுக்கு இதை எச்சரித்து அறிக்கை அனுப்பியிருக்கிறது. சுரண்டி முடித்ததும் பிரேக் கிளீனர் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறை ஒட்டாத வரை துடைக்க வேண்டும். பின்விளிம்பில் ஒரு தொல்லை உண்டு: ஹெட்டிலிருந்து எண்ணெய் மெதுவாக ஊறி வந்து, துடைத்த இடத்தையே சற்று நேரத்தில் மறுபடி நனைத்துவிடும். ஆகவே சீலன்ட் போடுவதற்குச் சற்று முன்பு அந்த விளிம்பையும் மூலைகளையும் கடைசியாக ஒருமுறை துடையுங்கள். நீங்கள் எவ்வளவு போட்டும் பின்பக்கம் கசிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நான் பலமாக நம்புகிறேன். எண்ணெய் படிந்த பரப்பில் சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது.

மேனிஃபோல்டின் அடிப்பகுதி அலுமினியம். கூலன்ட் துளைகளைச் சுற்றி அரிப்புக் குழிகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கேஸ்கெட்டின் விளிம்பு உட்காரும் இடம் வரை குழி பரவியிருந்தால், எந்தக் கேஸ்கெட்டும் அதை அடைக்காது. வேறு மேனிஃபோல்டு தேடுவதே நல்லது.

கேஸ்கெட்டைப் பொறுத்தவரை, இந்த என்ஜினோடு தொழிற்சாலையில் வந்தது பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் சிலிக்கான் வரிகள் பதித்த வகை. பல ஆண்டு வெப்பத்தில் அந்தச் சட்டம் தளர்ந்து, கூலன்ட் துளைகளின் ஓரத்தில் கசிவது இந்த என்ஜினில் எல்லோரும் அறிந்த விஷயம். இப்போது உலோகச் சட்டமுள்ள மாற்று வகைகள் கிடைக்கின்றன. சிறிது கூடுதல் விலை கொடுத்தாலும் அவற்றையே வாங்குங்கள். வரி பதித்த கேஸ்கெட்டுக்கு இரு புறமும் சீலன்ட் பூசுவது வேண்டாம், அது வழுக்கி இடம் மாறும். முன்னும் பின்னும் உள்ள விளிம்புகளுக்கு, பெட்டியில் தக்கைப் பட்டைகள் வந்திருந்தால்கூட அவற்றை ஒதுக்கிவிட்டு, சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனில் அறுபடாத ஒரே கோடாக ஆர்டிவி சிலிக்கானை (சாதாரண வெப்பநிலையிலேயே இறுகும் வகை) போட்டு, இரு முனைகளிலும் அந்தக் கோட்டைக் கேஸ்கெட்டின் மேல் சுமார் 13 மில்லிமீட்டர் வரை ஏற்றிவிட வேண்டும். மூலைகளை அடைப்பது அந்த 13 மில்லிமீட்டர்தான். இதைவிடத் தடிமனாகப் போட்டால், உட்புறம் பிதுங்கும் சிலிக்கான் காய்ந்த பின் துண்டு துண்டாக உடைந்து, எண்ணெய்ப் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். கசிவைவிட அது பெரிய ஆபத்து. ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட சீலன்ட்டையே வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண வீட்டுச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு உலோகத்தை அரிக்கும்.

சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. போட்ட சில நிமிடங்களிலேயே மேலே தோல் கட்டத் தொடங்கும். அது ஈரமாக இருக்கும்போதே மேனிஃபோல்டு இறங்கிப் போல்ட்டுகளும் இறுக வேண்டும். எனவே போல்ட்டுகள், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), உதவிக்கு ஓர் ஆள் எல்லாம் தயாரான பிறகே டியூபைத் திறங்கள். மேனிஃபோல்டை வைத்துவிட்டு முன்னும் பின்னும் நகர்த்திச் சரி செய்தால், கோடு வழித்தெடுக்கப்பட்டு மூலைகள் வெறுமையாகிவிடும். இதைத் தவிர்க்க, அதே மரையுள்ள நீளமான போல்ட்டுகளின் தலையை அறுத்து, எதிரெதிர் மூலைத் துளைகளில் விரலால் திருகி நிறுத்திக்கொண்டால், மேனிஃபோல்டு அவற்றின் வழியே செங்குத்தாக இறங்கும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை ஒருபோதும் விடாதீர்கள்.

இறுக்கும் அளவில்தான் பழைய அனுபவசாலிகள்கூடத் தடுமாறுகிறார்கள். 1996க்கு முந்தைய ஹெட்டுகளில் மேனிஃபோல்டுக்கு 12 போல்ட்டுகள். அவற்றை 30 அடி-பவுண்டுக்கு (திருகி இறுக்கும் விசையின் அளவு) மேலும் இறுக்குவது வழக்கம். வோர்டெக்கில் இருப்பவை 8 மட்டுமே. அவற்றின் இறுதி அளவு வெறும் 11 அடி-பவுண்டு, அதாவது 15 நியூட்டன் மீட்டர். அதையும் மூன்று சுற்றுகளில் எட்ட வேண்டும்: முதல் சுற்றில் 27 அங்குல-பவுண்டு, இரண்டாவதில் 106 அங்குல-பவுண்டு, மூன்றாவதில் 11 அடி-பவுண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நடுவிலுள்ள போல்ட்டுகளில் தொடங்கி, குறுக்காக மாறி மாறி வெளிப்பக்கம் போக வேண்டும். அங்குல-பவுண்டையும் அடி-பவுண்டையும் குழப்பிக்கொண்டால் கேஸ்கெட் நசுங்கும், அலுமினியம் விரிசல் விடும். வீல் நட்டுகளுக்குப் பயன்படும் பெரிய டார்க் ரெஞ்ச் இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. அங்குல-பவுண்டில் அளவிடும் சிறிய ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். வாங்க மனமில்லையென்றால் இங்குள்ள பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் பெற்றுக்கொண்டு இரவல் தருகின்றன. போல்ட் மரைகளைச் சுத்தம் செய்து, நடுத்தரப் பிடிமானமுள்ள நீல நிற மரைப்பசையைச் சிறிது தடவிக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது ரோட்டாரை இரண்டாவது குறியில் வைத்துத் தொடங்கினால், கியர் பற்றியதும் அது முதல் குறிக்குத் திரும்பி வரும். முழுவதும் இறங்காமல் நின்றால், கீழே எண்ணெய்ப் பம்பின் தண்டு பொருந்தவில்லை என்று பொருள். நீளமான ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தண்டைச் சற்றுத் திருப்பிவிட்டு மீண்டும் இறக்குங்கள். போல்ட்டை இறுக்கி அதைக் கீழே இழுக்க முயன்றால் அடிப்பகுதி உடைந்துபோகும். ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும் என்ஜின் ஓடும், ஆனால் பி1345 என்ற பிழைக் குறியோடு எச்சரிக்கை விளக்கு எரியும்.

பூட்டி முடித்த அன்றே ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கும். சிலிக்கான் முழுமையாக இறுக 24 மணி நேரம் விடுங்கள். பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் கழற்றும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிறிது கூலன்ட் உள்ளே போயிருக்கும், அது பேரிங்குகளுக்கு விஷம். கூலன்ட்டை நிரப்பி, ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, மூடியில் குறிப்பிட்டுள்ள அழுத்தம் வரை ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது மேலே இருக்கும் காற்றுக் கசிவுகளை ஒலியிலோ ஸ்கேனரிலோ கண்டுபிடிக்கலாம்; அடிப்பக்கம் லிஃப்டர் பள்ளத்தை நோக்கிய கசிவு கண்ணுக்கும் காதுக்கும் எட்டாது. அதற்கு, என்ஜினுக்குள் சேரும் வாயுக்களை மேனிஃபோல்டுக்கு உறிஞ்சிக் கொடுக்கும் பிசிவி வால்வின் குழாயையும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் காற்று நுழையும் குழாயையும் அடைத்துவிட்டு, என்ஜின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கை உள்ளே உறிஞ்சப்பட்டால் கேஸ்கெட்டின் அடிவிளிம்பு சரியாக உட்காரவில்லை, மறுபடி கழற்றத்தான் வேண்டும். மெல்லிய வெளியழுத்தம் மட்டும் உணர்ந்தால் உட்புறம் அடைபட்டுவிட்டது.

சில நூறு மைல்கள் ஓடிய பிறகு எண்ணெயை இன்னொரு முறை மாற்றுங்கள், பின்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆனால் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டாம், இந்த வகைக் கேஸ்கெட்டுக்கு அது தேவையில்லை, இறுகிவிட்ட மரைப்பசையின் பிடியையும் அது உடைத்துவிடும்.