எச்சரிக்கைப் பக்கம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் தினமும் காலையில் குரோமைத் திறந்தால் எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது இல்லை’ என்று சிவப்பு எச்சரிக்கை வருகிறது. அதே வைஃபையில் போன் நன்றாக வேலை செய்கிறது. வைரஸா?

பதில்: வைரஸாக இருக்காது. திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று பாருங்கள், பல வருடம் பின்னால் போயிருக்கும் என்பது என் கணிப்பு. எச்சரிக்கைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்குமே, அதில் ‘டேட் இன்வேலிட்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு தளமும் ‘நான் உண்மையான தளம்தான்’ என்பதற்கான தன் சான்றிதழைக் காட்டும்போது அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும், பிரவுசர் அதை உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்கு இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் வெறும் 90 நாள். அதனால் கடிகாரம் சில மாதம் பிசகினாலே போதும், நல்ல தளமும் கெட்டதாகத் தெரியும்.

காலையில் மட்டும் வருகிறது என்றால் இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் செல், சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே போட்டிருக்கும். அது தீர்ந்துவிட்டது. கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் உள்ள சிறு உலோகக் கொக்கியை நகத்தால் தள்ளினால் செல் எழும்பி வரும், புதியதை பிளஸ் குறி வெளியே தெரியும்படி வையுங்கள். அப்புறம் விண்டோஸில் தேதியை ஒருமுறை சரி செய்தால் போதும்.

தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் இந்தப் பிழை வந்தால், அவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். காத்திருப்பதைத் தவிர நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

கேள்வி: வெளியூர் போகும்போது பொது வைஃபையில் வங்கித் தளம் இதே எச்சரிக்கையைக் காட்டுகிறது. ‘அட்வான்ஸ்டு’ அழுத்தி உள்ளே போகலாம் என்கிறான் நண்பன்.

பதில்: தயவுசெய்து போகாதீர்கள். இந்த யோசனையை இத்தனை பேர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்வது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் பாஸ்வேர்டைத் திருட நடுவில் ஒருவன் உட்கார்ந்திருந்தாலும் திரையில் வருவது இதே பக்கம்தான். பெரும்பாலும் காரணம் சாதுவானது: ஓடிபி கேட்கும் வைஃபையின் லாகின் பக்கம் வங்கியின் இடத்தில் வந்து நிற்கிறது, சான்றிதழில் உள்ள பெயர் வங்கியின் பெயரோடு பொருந்தவில்லை, பிரவுசர் தடுக்கிறது. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இதற்காகவே சான்றிதழ்ப் பூட்டு இல்லாமல் இருக்கிறது, அதைத் திறந்தால் லாகின் பக்கம் வந்துவிடும். லாகின் செய்தும் எச்சரிக்கை போகவில்லையா, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வங்கி வேலையை முடியுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு 6 போனில் தேதி சரி, ஆனாலும் பல தளங்கள் திறக்கவில்லையே?

பதில்: 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் கிடையாது, அது இல்லாவிட்டால் அந்த அமைப்பு தளங்களுக்குத் தந்த சான்றிதழ்களை போன் நம்பாது. பயர்பாக்ஸ் பிரவுசர் மூலச் சான்றிதழ்களுக்குத் தனக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது, உங்கள் போனுக்கு அந்த பிரவுசர் கிடைத்தால் போட்டுப் பாருங்கள், செய்தி படிக்க உதவும். பணம் சம்பந்தப்பட்டது எதையும் அந்த போனில் வைக்காதீர்கள், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடமாகிறது.