இங்கிலாந்து சாரிட்டி ஷாப்ல கம்மி விலைக்கு நல்ல பொருளா பாத்து எடுக்கறது எப்படி?

செப்டம்பர்ல லீட்ஸுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்றேன், அங்க சாரிட்டி ஷாப்னு இருக்காமே, கோட்டு, பாத்திரமெல்லாம் நம்பி வாங்கலாமா, எதை எடுக்கலாம் எதை விடணும்னு கேட்டிருக்கீங்க. தாராளமா வாங்கலாம்ங்க. நானும் லீட்ஸ்லதான் இருக்கேன், சொந்த ஊரு திருப்பூர், இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பனியன் கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருந்தேன், இப்ப சனிக்கிழமைல ஒரு சாரிட்டி ஷாப்போட பின்னாடி ரூம்ல துணி தரம் பிரிச்சுக் குடுக்கறேன். அதனால துணி பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், மத்ததெல்லாம் சுருக்கமா.

முதல்ல இது என்ன கடைன்னு தெரிஞ்சுக்கோங்க. ஜனங்க வேண்டாம்னு குடுக்கற நல்ல பொருளை வாங்கி, பெரும்பாலும் வாலண்டியர்ஸ் தரம் பிரிச்சு, விலை போட்டு விப்பாங்க, செலவு போக வர்ற காசு கடையை நடத்தற சாரிட்டியோட, அதாவது தொண்டு நிறுவனத்தோட, வேலைக்குப் போகும். ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச், பர்னார்டோஸ், சூ ரைடர்னு நாடு முழுக்க கிளை இருக்கறவங்க உண்டு, லீட்ஸுக்குன்னே செயின்ட் ஜெம்மாஸ் ஹாஸ்பிஸ் மாதிரி கடைசி கால நோயாளிங்களை பாத்துக்கற இடங்களும் கடை நடத்தறாங்க. ஆக்ஸ்ஃபாம் ஆரம்பிச்ச கதைய கேட்டாலே இந்தக் கடைங்க ஏன் வந்துச்சுன்னு புரிஞ்சிடும், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயத்துல கிரீஸ் நாட்டு மக்களுக்கு உதவின்னு கேட்டதும் ஜனங்க கொண்டு வந்து குவிச்ச பொருள் தேவைக்கு மேல போயிடுச்சு, அதை வித்து காசாக்கலாம்னுதான் ஆக்ஸ்ஃபோர்டு பிராட் ஸ்ட்ரீட்ல 1940கள் கடைசில கடை போட்டாங்க, அந்தக் கடை இன்னும் அங்கதான் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உள்ள போனதும் எல்லாரும் விலை டேக்கைத்தான் முதல்ல திருப்பிப் பாப்பாங்க, நீங்க அதை கடைசியா பாருங்க, முதல்ல உள்பக்கம் தைச்சிருக்கற லேபிளை பாருங்க. மலிவா புதுசு விக்கற கடையோட டாப் ஒண்ணு இங்க 4 பவுண்டுக்கு தொங்கும், அந்தக் கடைக்கே போனா புதுசு 5, 6 பவுண்டுக்கு கிடைக்கும், அது ரெண்டு துவைப்புலயே தோள்பட்டை முறுக்கிட்டு வந்திருக்கும், அதை வாங்கி லாபம்னு நினைக்கறதுல அர்த்தமே இல்ல. அதுக்குப் பக்கத்துலயே நூறு சதவீதம் கம்பளின்னு லேபிள் போட்ட ஸ்வெட்டர் 7, 8 பவுண்டுக்கு தொங்கிட்டிருக்கும், அதை புதுசா வாங்கணும்னா நம்ம ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு கட்டுப்படியாகாது. புதுசா வாங்க முடியாத தரத்தை இங்க வாங்கணும், புதுசாவே சல்லிசா கிடைக்கறதை இங்க தேடக் கூடாது, நான் சொல்ல வர்றதே இதுதான்.

கோட்டு எடுக்கறது எப்படின்னு ஒரு தடவை முழுசா சொல்றேன், மத்த துணிக்கும் இதே பாடம்தான். ஹேங்கரோட சேத்து வெளிச்சத்துக்கு தூக்கிப் பிடிங்க, ஜன்னல் பக்கம் போனா நல்லது, ஏன்னா கடை டியூப்லைட்ல பூச்சி அரிச்ச சின்ன ஓட்டை கண்ணுக்கே தெரியாது, கம்பளியை திங்கற அந்துப்பூச்சி இங்க ஜாஸ்தி, காலருக்கு அடியிலயும் கை மடிப்புலயும்தான் அரிக்கும். அப்புறம் அக்குள் பக்கம் உள் லைனிங்கை திருப்பிப் பாருங்க, வேர்வைக் கறையும் தையல் விட்டதும் அங்கதான் இருக்கும். லைனிங் தையல் விட்டிருந்தா பரவால்ல, ஊசி நூல் போதும், லைனிங் துணியே நைஞ்சு கிழிஞ்சிருந்தா எடுக்காதீங்க, டெய்லர்கிட்ட குடுத்தா இங்க கூலி கோட்டு விலையை விட ஜாஸ்தி ஆகும். ஜிப்பை மேலயும் கீழயும் நல்லா ஓட்டிப் பாருங்க, பாக்கெட்ல கைய விட்டு ஓட்டை இருக்கான்னு பாருங்க. பட்டன் ஒண்ணு காணோம்னு விட்டுடாதீங்க, நல்ல கம்பெனி கோட்டுல உள்பக்கத் தையல்ல ஒரு ஸ்பேர் பட்டன் தைச்சிருப்பாங்க, அதைத் தேடிப் பாருங்க. லேபிள்ல கம்பளி எத்தனை சதவீதம், அக்ரிலிக் பாலியஸ்டர் எத்தனைன்னு போட்டிருக்கும், கம்பளி பாதிக்கு மேல இருந்தா நான் எடுப்பேன். நல்ல கம்பளி கோட்டு பொதுவா 15லருந்து 25 பவுண்டுக்குள்ள வரும், அதே தரத்துல புதுசுன்னா நூறு பவுண்டைத் தாண்டும். அதனால ஊர்லருந்து ஜெர்கின், ஸ்வெட்டர்னு வாங்கி பெட்டியை நிரப்பாதீங்க, செப்டம்பர் இங்க அவ்வளவு குளிராது, வந்து நிதானமா எடுத்துக்கலாம்.

ஸ்வெட்டர்ல இன்னொண்ணு, உருண்டை உருண்டையா பொங்கி நிக்குமே, அது கம்பளில இருந்தா துணிக்குன்னே இருக்கற ஷேவர் வெச்சு எடுத்துடலாம், அக்ரிலிக்ல எடுத்தாலும் சீக்கிரமே திரும்ப வரும். வாங்கிட்டு வந்ததும் கம்பளியை ஒரு கவர்ல போட்டு காத்து போகாம கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வெச்சிடுங்க, பூச்சி முட்டை இருந்தா செத்துடும். சூடு தாங்கற காட்டன் துணியை 60 டிகிரில ஒரு துவை துவைச்சுட்டு போட்டா பயமே வேண்டாம்.

செயின்ட் மைக்கேல்னு லேபிள் போட்ட துணி கண்ல பட்டா நின்னு பாருங்க. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைக்காரங்க 2000 வரைக்கும் போட்ட பேர் அது, அப்படின்னா அந்தத் துணிக்கு 25 வயசாவது இருக்கும், இத்தனை வருஷம் துவைச்சும் தையல் நேரா நிக்குதுன்னா அது நல்ல துணிதான். செக்கிங் டேபிள்ல வேலை பாத்தவன்ங்கறதால சொல்றேன், புதுத் துணி பத்து துவைப்புக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, பழைய துணில அது கண்ணுக்கு நேரா தெரியும். டி-ஷர்ட்டை விரிச்சு ரெண்டு பக்க தையலும் நேரா இறங்குதா, இல்ல ஒண்ணு முன்பக்கமா திரும்பி வந்திருக்கான்னு பாருங்க, காலர் ரிப்பை இழுத்து விட்டா பழையபடி சுருங்குதான்னு பாருங்க, இந்த ரெண்டும் சரியா இருந்தா போதும்.

ஷூல ஒரு விஷயம் ஜாக்கிரதை. போடாம வெச்சிருந்த மலையேற்ற பூட்ஸ் பாக்க புதுசு மாதிரியே இருக்கும், ஆனா பாலியூரித்தேன் சோல் வருஷக்கணக்கா சும்மா கிடந்தா ஈரக்காத்து பட்டு உள்ளுக்குள்ளயே உளுத்துப் போயிடும், நாலு தெரு நடந்தா பொலபொலன்னு உதிர்ந்துடும். கட்டை விரலால சோலை அழுத்திப் பாருங்க, வெடிப்பு விட்டாலோ பிசுபிசுன்னு ஒட்டினாலோ வெச்சிடுங்க.

சமையல் சாமானுக்கு இந்த நாட்டுல சாரிட்டி ஷாப்தான் சரி. பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம், டென்பி கம்பெனியோட பீங்கான் தட்டு, கனமான அடி வெச்ச ஸ்டீல் சட்டி எல்லாம் வரும், தட்டு கிண்ணமெல்லாம் ஒண்ணு ரெண்டு பவுண்டுதான். நான்ஸ்டிக் மட்டும் வேண்டாம், சுரண்டினதாத்தான் வரும். போகும்போது ஒரு சின்ன காந்தம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டறது இருந்தாலும் போதும், பாக்கெட்ல போட்டுக்கோங்க, சட்டிக்கு அடில நல்லா ஒட்டுச்சுன்னா இண்டக்‌ஷன் அடுப்புல வேலை செய்யும், நீங்க தங்கப்போற இடத்துல என்ன அடுப்புன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. குக்கரை ஊர்லருந்தே கொண்டு வாங்க, இங்க அபூர்வமா வந்தாலும் கேஸ்கெட் செத்துப் போயிருக்கும். கெட்டில், டோஸ்டர் வாங்கறதா இருந்தா மின்சார சோதனை முடிஞ்சதுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு எடுங்க. சைக்கிள் ஹெல்மெட் பழசு எங்க கிடைச்சாலும் வாங்காதீங்க, அடிபட்டது வெளில தெரியாது.

எங்க போறதுன்னா, லீட்ஸ்லயே ஹெடிங்லிங்கற ஏரியால ஸ்டூடன்ட்ஸ் ஜாஸ்தி, கடைகளும் இருக்கு, புக்ஸுக்கு நல்லாருக்கும். ஆனா கோட்டு, கம்பளி, லெதர் பேக் வேணும்னா ஒரு நாள் ட்ரெயின் ஏறி இல்க்லி, ஹாரோகேட் பக்கம் போயிட்டு வாங்க, வசதியான வயசானவங்க இருக்கற ஊருங்க, அங்க வர்ற பொருளே வேற தரம், விலை ஒரு ரெண்டு பவுண்டு கூட இருந்தாலும் குடுக்கலாம். சீசன்னு பாத்தா ஜனவரில கிறிஸ்துமஸுக்கு வந்த கிஃப்ட்டெல்லாம் டேக் கூட பிரிக்காம வந்து சேரும். கோடைல ஸ்டூடன்ட்ஸ் ஹாஸ்டல் காலி பண்றப்போ பாத்திரம் பண்டமெல்லாம் வந்து குவியும், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் இதுக்குன்னே யூனிவர்சிட்டி ஹால்ஸ்ல டப்பா வெச்சு சேகரிக்கறாங்க. நீங்க வர்ற செப்டம்பர்ல எல்லாரும் ஒரே நேரத்துல தேடுவாங்க, அதனால பாத்திரத்தை வந்த முதல் வாரத்துலயே எடுத்துடுங்க, கோட்டுக்கு அவசரமில்ல. ஒரே நாள்ல லிஸ்ட் போட்டுட்டு போய் எல்லாத்தையும் வாங்கிடணும்னு நினைச்சா ஏமாந்து போவீங்க, காலேஜ் போற வழில இருக்கற கடைக்குள்ள அஞ்சு நிமிஷம் எட்டிப் பாக்கற பழக்கம்தான் நல்ல பொருளை கைல சேக்கும்.

பேரம் பேசாதீங்க, இதை கேட்டுக்கறேன். நம்ம ஊரு சந்தைல பேசறது வேற, அங்க வியாபாரி பேரத்துக்கும் சேத்துதான் விலை சொல்வார். இங்க கவுண்டர்ல நிக்கற அம்மா பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியர், அவங்களால விலையை குறைக்கவும் முடியாது. ஏதாவது கறை, ஓட்டை டேக் போட்டவங்க கண்ல படாம போயிருந்தா அதைக் காட்டி மேனேஜர்கிட்ட சொல்லுங்க, அவங்களே குறைச்சுக் குடுப்பாங்க. விக்காம சில வாரம் தொங்கின துணி வேற கிளைக்குப் போகும், இல்லன்னா கிலோ கணக்குல பழந்துணி வியாபாரிக்குப் போயிடும், கிலோவுக்கு கிடைக்கறது சில்லறைக் காசு. நீங்க ஒரு ஸ்வெட்டரை 7 பவுண்டு குடுத்து எடுக்கறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு பின்னாடி ரூம்ல மூட்டை கட்டும்போதுதான் தெரியுது.

அந்த பழந்துணி வியாபாரமே இந்தப் பக்கத்துலதான் பெரிசா வளந்துச்சு. லீட்ஸ் பக்கத்துல பேட்லின்னு ஒரு ஊரு, 1813 வாக்குல பெஞ்சமின் லாங்கறவர் பழைய கம்பளியை நார் நாராக் கிழிச்சு புதுக் கம்பளியோட கலந்து நூலாக்கற வழியை அங்கதான் கண்டுபிடிச்சார், பேட்லியும் பக்கத்து ஊரு டியூஸ்பரியும் நூறு வருஷத்துக்கு மேல அதை வெச்சே பொழைச்சுது. இப்ப அந்தத் தொழில் நம்ம ஹரியானா பானிபட்ல நடக்குது, அதுல நெய்யற கம்பளியை நீங்களே போத்தியிருக்கலாம். ஆக்ஸ்ஃபாமோட பெரிய துணி பிரிக்கற இடமும் பேட்லிலதான் இருக்கு.

வீட்டுல அடுத்தவங்க போட்டதை போடாதன்னு சொல்வாங்க, இறந்தவங்க துணியா இருந்தா என்ன பண்ணுவன்னு எங்கம்மாவும் கேட்டாங்க. மறைக்க வேண்டியதில்ல, சிலது அப்படி வந்ததுதான். அம்மாவோ அப்பாவோ போனப்புறம் பிள்ளைங்க பீரோவை காலி பண்ணி, துவைச்சு, அயர்ன் பண்ணி, மடிச்சு எடுத்துட்டு வந்து குடுப்பாங்க, அந்தப் பையை பிரிக்கறப்பவே அது எப்படிப்பட்ட பைன்னு கைக்குத் தெரியும். யாராவது நல்லா போட்டுக்கட்டும்னுதான் குடுத்துட்டுப் போறாங்க, அதை போட்டுக்கறதுல எனக்கு எந்த தீட்டும் தெரியல.

வேற ஒண்ணு, வாலண்டியரா சேரலாம்னு தோணுச்சுன்னா நல்லது, பேச்சு இங்கிலீஷும் பழகும், வேலைக்கு ரெஃபரென்ஸும் கிடைக்கும். ஸ்டூடன்ட் விசால வாலண்டியரிங் பண்ணலாம், ஆனா ஒப்பந்தம் போட்ட சம்பளமில்லாத வேலைன்னு கணக்காச்சுன்னா ஸ்டூடன்ட்ஸ் வேலை பாக்கறதுக்கு இருக்கற வாரம் 20 மணி நேர வரம்புக்குள்ள வந்துடும், அதனால யூனிவர்சிட்டில கேட்டுட்டு சேருங்க. நீங்க பொருள் குடுக்கறப்போ கிஃப்ட் எய்ட் ஃபார்ம் நீட்டுவாங்க, பொருள் வித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் அந்த சாரிட்டிக்கு 25 பென்ஸ் கூட குடுக்கும், ஆனா அது இங்க வரி கட்டறவங்க குடுக்கற பொருளுக்கு மட்டும்தான். பார்ட் டைம் சம்பளம் வருஷத்துக்கு 12,570 பவுண்டுக்குள்ள இருந்து வரி கட்டலன்னா கையெழுத்து போடாதீங்க, அந்த வித்தியாசத்தை வரி ஆபீஸ்ல உங்ககிட்டயே கேக்க முடியும். வேலை கிடைச்சு வரி கட்ட ஆரம்பிச்சதும் போடுங்க, பைல உங்க பேருக்கு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, நீங்க குடுத்தது எவ்வளவுக்கு வித்துச்சுன்னு அப்புறமா உங்களுக்கு மெயில் வரும்.